இழுப்பு நின்ற பிறகும் தொடர வேண்டிய மருந்து

நடுராத்திரியில் மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் திறந்திருக்கும் மருத்துவமனைக்குப் போனால், முகத்தில் மாஸ்க் மாட்டி நெபுலைசர் வைப்பார்கள். கூடவே ஒரு டெரிபிலின் ஊசி, ஒரு டெக்சாமெத்தசோன் ஊசி. அரைமணி நேரத்தில் நெஞ்சு லேசாகிவிடும். ஐந்து நாள் மாத்திரையோடு வீட்டுக்கு வருவார்கள். மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்ததாகக் கணக்கு. அடுத்த அடைமழையில், இல்லையென்றால் போகிப் புகையில், மறுபடியும் முதலிலிருந்து. நம் ஊரில் பல வீடுகளில் ஆஸ்துமாவுக்கு வைத்தியம் என்பது இவ்வளவுதான்.

இந்த வைத்தியத்தில் தவறு எங்கே இருக்கிறது? அந்த ராத்திரியில் இல்லை. மூச்சு முட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் நெபுலைசர் வேண்டும்தான். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே இருக்கும் மாதங்களில் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் தவறு. இந்தியாவில் ஆஸ்துமா இவ்வளவு உயிர்களைக் கொண்டுபோவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமாவால் நேரும் இறப்புகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கேதான் நடக்கின்றன. நோய் நமக்கு மட்டும் கொடியதாக வரவில்லை. கோட்டயம், மைசூரு உட்பட இந்தியாவின் ஒன்பது மையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. வீசிங் இருந்த பெரியவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவே இல்லை என்கிறது அது. சொல்லப்பட்டவர்களிலும், தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்தை எடுத்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

மூச்சுக்குழாய்க்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்தால்தான் இந்தத் தடுப்பு மருந்து ஏன் வேண்டும் என்பது புரியும். ஆஸ்துமாவில் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. சளி கெட்டியாகச் சுரக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சால்ப்யூட்டமால், அதாவது அஸ்தாலின் என்ற பெயரில் நாம் அறிந்த மருந்து, இந்தத் தசையை மட்டும் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் வேலை செய்யும், நாலு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது ப்யூடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற இழுக்கும் ஸ்டீராய்டுகள். இவை இழுத்த உடனே எதுவும் தெரியாது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். கஷ்டம் இங்கேதான். உடனே சுகம் தருகிற மருந்தை ஜனங்கள் நம்புகிறார்கள். உள்ளே இருக்கிற நோயை அடக்கும் மருந்தை, 'ஒண்ணுமே தெரியலையே' என்று பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

உடனடி நிவாரண மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய, கசப்பான பாடங்கள் இருக்கின்றன. 1960-களில் இங்கிலாந்தில் ஐசோப்ரினலின் என்ற மருந்தின் அதிக வீரியமுள்ள பம்ப், அதாவது வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் இன்ஹேலர், புழக்கத்துக்கு வந்தது. ஆஸ்துமா இறப்புகள் திடீரென்று கூடின. நியூசிலாந்தில் 1976-ல் ஃபெனோட்டரால் பம்ப் வந்தது. அங்கும் இளவயதினர் வழக்கத்துக்கு மேல் சாகத் தொடங்கினார்கள். ஆய்வாளர்கள் 1989-ல் அந்த மருந்தைச் சுட்டிக்காட்டினார்கள். அதைக் கட்டுப்படுத்திய பிறகு இறப்புகள் குறைந்தன. மருந்தின் நச்சுதான் காரணமா, பம்ப் தந்த தற்காலிகச் சுகத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதுதான் காரணமா என்று மருத்துவ உலகம் நீண்ட காலம் விவாதித்தது. எப்படி இருந்தாலும், மேலே தசையைத் தளர்த்திக்கொண்டே உள்ளே வீக்கத்தை வளரவிடுவது ஆபத்து என்பது தெளிவாகிவிட்டது.

மறுபக்கச் சான்று கனடாவிலிருந்து வந்தது. சஸ்காச்சுவான் மாகாணத்தின் மருந்துப் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. குறைந்த அளவு இழுக்கும் ஸ்டீராய்டு பம்பை ஒரு வருடத்தில் ஒன்று கூடுதலாகப் பயன்படுத்தினாலே, ஆஸ்துமாவால் இறக்கும் வாய்ப்பு 21 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு முதல் மூன்று மாதங்களில் ஆபத்து கூடியது. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் மருத்துவப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த தேசிய ஆய்வு 2014-ல் வந்தது. கணக்குக் கிடைத்த 165 பேரில் 65 பேர், இறப்பதற்கு முந்தைய ஒரே வருடத்தில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட நிவாரண பம்புகளை வாங்கியிருந்தார்கள். மாதம் ஒரு பம்புக்கு மேல்! ஒருவருக்கு அவ்வளவு அஸ்தாலின் தேவைப்படுகிறது என்றாலே நோய் கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு, 'ஜீனா' எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-ல் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும், சால்ப்யூட்டமால் மட்டும் என்ற வைத்தியம் இனி கூடாது என்றது. லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் ஏதோ ஒரு வடிவில் இழுக்கும் ஸ்டீராய்டு கூட இருக்க வேண்டும். ஸ்டீராய்டான ப்யூடசோனைடும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த ஒரே பம்பை நிவாரணத்துக்கும் தடுப்புக்கும் பயன்படுத்தும் முறை இப்படித்தான் பரவியது. ஃபார்மோட்டரால் சட்டென்று வேலை செய்வதால்தான் இது முடிகிறது. மெதுவாக வேலை செய்யும் சால்மெட்டரால் சேர்ந்த பம்பை இதே மாதிரி அவசரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எது, எத்தனை வேளை என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்பைக் கண்டு ஏன் இந்தப் பயம்?

'பம்ப் போட்டால் பழகிவிடும்', 'கடைசிக் கட்டத்துக்குத்தான் அது', 'ஸ்டீராய்டாமே, குழந்தை வளராது'. இந்த மூன்றையும் கேட்காத ஆஸ்துமா குடும்பம் கிடையாது. நாலாவதாக ஒன்று உண்டு, அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். பொண்ணு பம்ப் போடுவது வெளியில் தெரிந்தால் வரன் அமையாது என்பது. கல்யாணப் பேச்சு நடக்கும்போது பம்பைப் பீரோவில் ஒளித்து வைத்துவிட்டு, இழுப்பு வரும்போது மட்டும் மாத்திரை போடும் பெண்கள் இருக்கிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கும்.

முதலில் அளவைப் பார்ப்போம். சால்ப்யூட்டமால் பம்பை இரண்டு முறை அழுத்தினால் வருவது 200 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக 4 மில்லிகிராமில் கிடைக்கிறது. இருபது மடங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி நுரையீரலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் கை நடுக்கமும் படபடப்பும். பம்ப் நேராகக் குழாயில் போய் உட்காருகிறது. ஆக, 'பம்ப் வேண்டாம், மாத்திரையே கொடுங்க' என்று கேட்கிறவர் கேட்பது அதிக மருந்தைத்தான். மூச்சுக்குழாயை விரிக்கக் கொடுக்கும் தியோஃபிலின் வகை மாத்திரைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குணமாக்கும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்ட்டிபயாட்டிக்கைக் கூடச் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். வாந்தி, படபடப்பு, அதற்கும் மேல் போனால் வலிப்பு வரை போகும்.

ஸ்டீராய்டு பயம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். இழுக்கும் ஸ்டீராய்டால் தொண்டை கம்மும், நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் இவை பெரும்பாலும் வராது. குழந்தைப் பருவத்தில் நாலைந்து வருடம் தினமும் ப்யூடசோனைடு எடுத்தவர்களை அமெரிக்காவில் வளர்ந்த பிறகு அளந்து பார்த்தார்கள். எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள். அவ்வளவுதான். இதற்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள்: தடுப்பு மருந்து இல்லாமல் ஒவ்வொரு தடவையும் இழுப்பு வந்து, ஒவ்வொரு தடவையும் ஐந்து நாள் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்றால் ஐந்து நாளில் 200 மில்லிகிராம். தினம் 400 மைக்ரோகிராம் ப்யூடசோனைடு இழுப்பவருக்கு அந்த எடை சேர 500 நாள் ஆகும். இரண்டும் வேறு வேறு மருந்து, எடையை மட்டும் வைத்து வீரியத்தை ஒப்பிட முடியாது, உண்மைதான். ஆனால் இழுக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும் ப்யூடசோனைடில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. விழுங்கும் ஸ்டீராய்டோ உடம்பு முழுக்கப் போகிறது. வாழ்நாளில் நாலைந்து தடவை அப்படி எடுத்தாலே எலும்புத் தேய்வு, சர்க்கரை, கண்புரை ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்து பம்பை ஒதுக்குகிறவர்தான் கடைசியில் அதிக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்.

பழக்கம் என்ற பேச்சுக்கு வருவோம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தினமும் போடுகிறோம், அதை யாரும் பழக்கம் என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான்.

கையில் இருந்தும் உள்ளே போகாத மருந்து

பம்ப் வாங்குவதோடு பாதி வேலைதான் முடிகிறது. பம்ப் போடுகிற யாரையாவது பக்கத்திலிருந்து கவனித்துப் பாருங்கள். மூடியைக் கழற்றுவார், குலுக்க மாட்டார். வாய்க்கு நேரே பிடித்து முதலில் அழுத்திவிட்டு அப்புறம் மூச்சை இழுப்பார். வாயோரத்தில் வெள்ளையாக ஆவி வெளியே வரும். அது வெளியே போகிற மருந்து. மிச்சம் வேகமாகத் தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்தச் சில்லென்ற அடியில் சிலருக்கு மூச்சே ஒரு கணம் நின்றுவிடும். 'எனக்குப் பம்ப் கேட்கலை, டாக்டர்' என்று சொல்வார். மருத்துவரும் வீரியத்தைக் கூட்டி எழுதுவார்.

சரியான முறையைச் சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து, பம்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். பம்பின் வாயை உதட்டால் இடைவெளியில்லாமல் கவ்விக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். இழுப்பதை நிறுத்தாமல் நாலைந்து வினாடி நிதானமாக இழுத்து, பத்து வினாடி அடக்கி, பிறகு விட வேண்டும். அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். இந்த ஒத்திசைவு பெரியவர்களுக்கே கஷ்டம் என்பதால்தான் ஸ்பேசர். பம்புக்கும் வாய்க்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கூடு, அவ்வளவே. மருந்து அதற்குள் மிதக்கும், நாலைந்து சாதாரண மூச்சில் இழுத்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தை என்றால் மாஸ்க் வைத்த ஸ்பேசர். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் மின்னேற்றம் பிடித்து மருந்து சுவரிலேயே ஒட்டிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரின் குழு, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, விளிம்பை அடைத்து ஸ்பேசராகப் பயன்படுத்திப் பார்த்தது. கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக அது வேலை செய்ததாக 1999-ல் எழுதினார்கள். காசில்லாத இடத்துக்கென்று யோசித்து, சோதித்தும் பார்த்த இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

ரோட்டாகேப் வேறு கதை. அது கேப்சூலுக்குள் இருக்கும் பொடி, ஒரு சின்னக் கருவியில் வைத்து இழுக்க வேண்டும். அதை மெதுவாக இழுத்தால் வராது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். பம்புக்கு நேர் எதிர். கேப்சூலைப் பார்த்து மாத்திரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் உண்டு. யாரும் செய்து காட்டவில்லை என்றால் அவர் வேறென்னதான் செய்வார்?

வீட்டுக்குள் எரிகிறவை

மருந்துக்குச் சமமாக வீட்டுக் காற்றையும் கவனிக்க வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி ஏற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரே ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை இருக்கும்போது இது தேவையே இல்லை. சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, போகியன்று எரிக்கும் பழைய டயர், தீபாவளிப் பட்டாசு என்று பட்டியல் நீளும். குழந்தைகளுக்கோ இவை எல்லாவற்றையும்விடச் சாதாரண ஜலதோஷம்தான் இழுப்பைக் கிளப்பும். அதனால் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்திக் குழந்தையை இளைக்க வைப்பதில் பலன் இல்லை. ஒரு உணவைச் சாப்பிட்டால் கண்டிப்பாக இழுப்பு வருகிறது என்று தெரிந்தால் மட்டும் அதைத் தவிர்த்தால் போதும்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஹைதராபாத்தில் மிருகசீரிஷ கார்த்தி என்ற நாளில் 'பத்தினி' என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். அதற்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த மருந்து ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று எந்த ஆய்வும் காட்டியதில்லை. நிற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூச்சு முட்டி அவதிப்பட்டவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். வரிசையில் நிற்கும்போதும் திரும்பி வந்த பிறகும் பம்பை நிறுத்தாதீர்கள் என்பதை மட்டும் கெஞ்சிக் கேட்கலாம்.

அடுப்படியில் வரும் நோய்

ஐம்பதைத் தாண்டிய அம்மா ஒருவர், வாழ்நாளில் பீடி தொட்டதில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளி. 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். இது சிஓபிடியாக, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துக்கொள்ளும் நுரையீரல் நோயாக இருக்கலாம். உலகில் சிஓபிடி உள்ளவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் புகைபிடித்ததே இல்லை என்று 2009-ல் நுரையீரல் ஆய்வாளர்கள் சுந்தீப் சால்வி, பீட்டர் பார்ன்ஸ் இருவரும் சுட்டிக்காட்டினார்கள். விறகடுப்புப் புகை, பழைய காசநோய்த் தழும்பு, தூசியில் வேலை எல்லாமே காரணங்கள். இந்தியாவில் 1990-ல் 2.81 கோடியாக இருந்த சிஓபிடி நோயாளிகள் 2016-ல் 5.53 கோடி ஆனார்கள். தமிழ்நாட்டில் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் கொல்லையில் விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, சிலிண்டர் விலை அப்படி.

சிஓபிடியில் குழாயின் அடைப்பு ஆஸ்துமாவைப் போல முழுக்கத் திறக்காது. மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதிப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். நிவாரண மருந்து கொடுத்த பிறகும், முதல் ஒரு வினாடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். இங்கே முதல் மருந்து டையோட்ரோப்பியம் போன்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் குழாய் விரிப்பிகள். ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவைப்படாது. புகையை விட்டால் நுரையீரல் தேயும் வேகம் எந்த வயதிலும் குறைகிறது. வருடா வருடம் போடும் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி இரண்டும் ஆஸ்பத்திரி படுக்கையைத் தவிர்க்க உதவும். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார வைத்துவிடுவதுதான் வீட்டில் அன்பால் செய்யும் கெடுதல். கால் தசை மெலிந்தால் மூச்சு இன்னும் வாங்கும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதியபடி நடக்கப் பழகுவது நல்ல வைத்தியம்.

ஆக்சிஜன் விஷயத்தில் கொரோனாவுக்குப் பிறகு ஒரு குழப்பம் இருக்கிறது. மூச்சு வாங்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பதால் ஆயுள் கூடாது. ஓய்விலும் ரத்த ஆக்சிஜன் 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கிறவர்கள் தினம் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்தால்தான் பலன். சிஓபிடி உள்ளவருக்கு 88-க்கும் 92-க்கும் இடையே இருந்தால் போதும். நூறைத் தொட வேண்டும் என்று திறந்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கமே வரலாம்.

எப்போது ஓட வேண்டும்

ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் நடுவே மூச்சு வாங்கினால், குழந்தைக்கு விலாவின் இடுக்குகள் உள்ளே குழிந்தால், உதடு நீலம் பாய்ந்தால், நிவாரண பம்ப் போட்டும் கேட்காவிட்டால், காத்திருக்காதீர்கள். வீசிங் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றால் அது குணமல்ல, சத்தம் வரும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை ஸ்பேசரில் சால்ப்யூட்டமாலை ஒவ்வொரு அழுத்தலாக நாலு முறை கொடுக்கலாம், இருபது நிமிடத்தில் திரும்பவும் கொடுக்கலாம். ஸ்பேசரோடு சரியாகக் கொடுத்த பம்ப், நெபுலைசருக்குக் குறைந்ததல்ல.

இத்தனையையும் நோயாளியின் தலையில் மட்டும் வைத்துவிட முடியாது. ஃபின்லாந்து 1994 முதல் 2004 வரை ஆஸ்துமாவுக்கென்று ஒரு தேசியத் திட்டம் நடத்தியது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இழுக்கும் ஸ்டீராய்டைச் சீக்கிரமே தொடங்கினார்கள். மருத்துவர்களோடு சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்து, கிட்டத்தட்ட ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ஆஸ்துமாவுக்கு ஒரு பொறுப்பாளரை வைத்தார்கள். ஆஸ்துமாவுக்காக மக்கள் மருத்துவமனையில் கிடந்த நாட்கள் பாதிக்கும் கீழே போயின; 1993-ல் 123 ஆக இருந்த இறப்பு 2003-ல் 85 ஆகக் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தப் பையில் ப்யூடசோனைடு பம்பும் ஸ்பேசரும் ஏறலாம். மாத்திரை கொடுக்க வருகிற அக்கா, "எங்கே, என் முன்னாடி ஒரு தடவை இழுத்துக் காட்டுங்க" என்று கேட்டுத் திருத்தலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு ஸ்பைரோமீட்டரும், அதில் ஊத வைக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கலாம். ஆட்கள் இருக்கிறார்கள், மருந்தும் விலை குறைந்ததுதான். ஆஸ்துமாவையும் சிஓபிடியையும் அவசரச் சிகிச்சைப் பிரிவின் கணக்கிலிருந்து எடுத்து, மாதாமாதம் பார்க்க வேண்டிய நோய்களின் கணக்கில் எழுதும் ஒரு அரசாணைதான் இன்னும் பாக்கி.